வலது: வீட்டில்

நகரி
12-11-1956

அன்புள்ள மச்சான் வரதனுக்குச் சிட்டிபாபு எழுதிக்கொண்டது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீ தீபாவளிக்கு வந்துவிடுவாய் என்று நம்பி வீட்டில் அதிரசம் சுட்டு ஒரு டப்பா நிறைய எடுத்து வைத்தாள். ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில் உன் பங்கையும் நானே தின்று வயிறு கெட்டுப்போனேன். அதற்கு நீதான் பொறுப்பு.

ஸ்டூடியோ ஏதோ ஓடுகிறது. புரட்டாசியில் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்த குடும்பங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். அப்பன், பிள்ளை எல்லோரும் மொட்டை. யார் படம் யாருக்கு என்று கொடுக்கும்போது தடுமாறிப்போனேன். வேலையில்லாத நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறேன். காசு வராத வேலை என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். மழை விட்ட மறுநாள் காலை மூக்கு மலையை எடுத்தேன். அந்த மூக்கில் சளி பிடித்தமாதிரி மேகம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். உன் அறைச் சுவரில் ஒட்டிக்கொள்.

ஊரையெல்லாம் எடுக்கிற எனக்கு வீட்டில் மட்டும் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறாள். கல்யாணம் நடந்தபோது என்னிடம் கேமரா ஏது? இப்போது எடுக்கலாமென்றால், "பிலிமு இன்னா சும்மாவா வருது? எம் மூஞ்சிய எடுத்துக்கினு போயி யாருக்குக் காட்டப் போறே?" என்று முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறாள். உன் தங்கையின் பிடிவாதம் உனக்குத் தெரியாததல்ல.

செல்வி நடக்கிறாள், ஓடுகிறாள், விழுகிறாள். எந்நேரமும் நைனா, நைனா என்று என் காலைச் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். பொங்கலுக்காவது வந்து பார்.

உன் பிரியமுள்ள
சிட்டிபாபு


சென்னை
20-11-1956

அன்புள்ள மாப்பிள்ளைக்கு வணக்கம்.

நலம். மூக்கு மலை வந்து சேர்ந்தது. பார்த்ததும் சுவரில் ஒட்டிவிட்டேன். இந்த அறைக்கு வந்துபோகிறவர்களுக்கு அது வெறும் மலை.

முதலில் ஒரு சண்டை. நாங்கள் அவளுக்குத் தாட்சாயணி என்று அழகாகப் பெயர் வைத்துக் கட்டிக்கொடுத்தோம். நீ வரிக்கு வரி "வீட்டில்", "வீட்டில்" என்றே எழுதுகிறாய். வீடு அதிரசம் சுட்டது, வீடு முந்தானையை மூடிக்கொண்டது என்று படித்தால் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெண்டாட்டி பெயரைச் சொன்னால் நாக்கு வெந்துவிடுமா?

இனி முக்கியமான சேதி. எல்லையைப் பற்றி விசாரிக்கப் போகிறார்கள். நம் ஊர் ஆந்திராவில் இருப்பதா, மதராஸோடு சேர்வதா என்பது வருகிற வருஷத்துக்குள் தெரிந்துவிடும். எங்கள் சங்கத்தின் சார்பில் மனு கொடுக்கப் போகிறோம். கூடவே படங்கள் போட்டு ஒரு புத்தகமும் அச்சடிக்கிறோம். பேச்சை நம்பாதவனும் படத்தை நம்புவான் இல்லையா? தெரு, தறி, சந்தை, பள்ளிக்கூடம், ஆறு, வயல் எல்லாம் வேண்டும். பார்த்தவுடனே இது தமிழ் ஊர் என்று சொல்லவேண்டும். நம் ஊரை உன்னைப்போல் எடுக்க யாராலும் முடியாது என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக்குச் செல்வி பள்ளிக்கூடம் போகும்போது அங்கே தமிழ் வகுப்பு இருக்கவேண்டாமா? அதற்காகவாவது செய்.

ஒரு விஷயம். தெலுங்கு எழுத்து எதிலும் தெரியாமல் பார்த்துக்கொள்.

இன்னொன்று. போன வாரம் பேச்சுவாக்கில் "எங்க நைனா" என்று சொல்லிவிட்டேன். செயலாளர் திரும்பிப் பார்த்து, "நீங்கள் தெலுங்கா?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அப்பா என்றுதான் சொல்கிறேன். குழந்தைக்கும் இப்போதே மாற்றிச் சொல்லிக்கொடு.

அன்புடன்
வரதராஜன்


நகரி
9-12-1956

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ கேட்டபடி எடுத்துவிட்டேன். மொத்த நெகட்டிவையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பிரதி போட்டு ஒரு செட் வைத்துக்கொள்ளலாமென்றால் காகிதம் தீர்ந்துபோய்விட்டது, மதராஸிலிருந்து வரவேண்டும். ஒவ்வொரு நெகட்டிவையும் தனித்தனி உறையில் போட்டு, உறையின் பின்பக்கம் யார், எந்த இடம் என்று எழுதியிருக்கிறேன். நம்மிடம் இருப்பது இது ஒன்றுதான். பத்திரம்.

விடியற்காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுவதை எடுத்திருக்கிறேன். பெண்கள் இரண்டு பக்கமும் கஞ்சி தடவுகிற குச்சத்தோடு குனிந்து போகும்போது சூரியன் நூலுக்குக் கீழே இருந்தது. குசஸ்தலை ஆற்று மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் மொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் வேர்க்கடலைக் குவியல்மேல் தூங்குகிற ஒருவன் இருக்கிறான். எந்த மாநிலத்தில் தூங்குகிறோம் என்ற கவலை அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

தெலுங்கு இல்லாமல் எடு என்று சொல்லிவிட்டாய். எடுத்துப் பார்த்தால்தானே தெரியும். துலுக்காணம் மளிகைக் கடைப் பலகையில் இடது பாதி தமிழ், வலது பாதி தெலுங்கு. அந்த மனுஷனுக்கு வீட்டில் பேசுவது தமிழ், கணக்கு எழுதுவது தமிழ், வசை மட்டும் தெலுங்கு. கடை ஓரத்தில் செங்கம்மா கீரைக்கூடையோடு உட்கார்ந்து, "அரைக்கீரே, தோட்டகூரா!" என்று ஒரே மூச்சில் இரண்டு பாஷையிலும் கூவுகிறாள். பாதி வாயை மூடிக்கொண்டு பாதி வாயை மட்டும் எப்படி எடுப்பது? இருப்பதை இருக்கிறபடி எடுத்திருக்கிறேன். தயவுசெய்து எதையும் வெட்டாதே. எனக்கு மனசு ஒப்பாது.

மூன்றாம் உறை அந்தக் கடைவீதிப் படம்தான். அதை மட்டும் நிதானமாகப் பார். அதில் உனக்கென்று ஒன்று இருக்கிறது. நானாகச் சொல்லமாட்டேன், நீயே கண்டுபிடி. எடுத்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் இறங்கவில்லை. யாருக்குத் தெரியக்கூடாதோ அவளுக்கு இன்னும் தெரியாது. பொங்கலுக்குள் நெகட்டிவ் திரும்பி வந்தால் பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்து வீட்டில் மாட்டுவேன். அப்புறம் என்ன நடக்கும் என்பதை நீ வந்து பார்.

நைனா விஷயம்: சொல்லிப் பார்த்தேன். "அப்பா எங்கே?" என்று கேட்டால் செல்வி டப்பா, டப்பா என்று பலகாரம் வைக்கிற டப்பாவைக் காட்டுகிறாள். என்னை நைனா என்கிறாள். விட்டுவிட்டேன்.

உன்
சிட்டிபாபு


சென்னை
3-1-1957

அன்புள்ள மாப்பிள்ளைக்கு வணக்கம்.

அவசரத்தில் எழுதுகிறேன். உன் படங்களை எல்லோரும் கைக்குக் கை வாங்கிப் பார்த்தார்கள். பாவு நீட்டும் படத்தை முகப்பில் போட்டிருக்கிறோம். சிலவற்றைக் கொஞ்சம் சரிசெய்ய வேண்டியிருந்தது. பெரிய காரியம் நடக்கும்போது இதெல்லாம் தவிர்க்க முடியாது. கோபிக்காதே.

உள்பக்கத்தில் உன் பெயரும் வருகிறது. "சி. பாபு" என்று போடச் சொன்னேன். சிட்டிபாபு என்று முழுசாகப் போட்டால் இங்கே வேறுமாதிரி நினைத்துக்கொள்வார்கள்.

நாளை மறுநாள் டில்லிக்குப் புறப்படுகிறோம். மனு, புத்தகம், நெகட்டிவ் எல்லாம் கையோடு போகின்றன. திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். பொங்கலுக்கு வரமுடியாததற்குத் தாட்சாயணியிடம் என் சார்பில் திட்டு வாங்கிக்கொள். நம் ஊர் நமக்கு வந்துவிட்டால் ஒரு மாதம் வந்து உட்கார்ந்து அவள் கையால் சாப்பிடுவேன் என்று சொல்.

வெற்றி நமதே.
வரதராஜன்


நகரி
27-1-1957
(கார்டு)

மச்சானுக்கு,

வீட்டில் காய்ச்சல். பொங்கல் கழித்து ஆரம்பித்தது, இறங்கவே இல்லை. புத்தூரிலிருந்து டாக்டர் வந்து டைபாய்டு என்றார். எதுவும் தங்கவில்லை, கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்குகிறது. உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். கார்டு கண்டதும் புறப்பட்டு வா. டில்லியில் உன் விலாசம் எனக்குத் தெரியாது. உன் அறைக்கே போடுகிறேன். யாராவது அனுப்பிவைத்தால் தேவலை.

சிட்டிபாபு


நகரி
9-2-1957

வரதனுக்கு,

அவள் செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். தந்தி கொடுத்தேன். பதில் இல்லை. மாலைவரை வைத்திருந்து பார்த்தோம். ஒவ்வொரு ரயிலுக்கும் ஆள் அனுப்பினேன். அப்புறம் இனி வைத்திருக்கக்கூடாது என்று சொல்லி எடுத்துவிட்டார்கள்.

கடைசி இரண்டு நாள் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. நினைவு வந்தபோதெல்லாம், "அண்ணன் வந்துட்சா?" என்று கேட்டாள். "வந்துக்கினே கீது, ரேணிகுண்டா தாண்டிட்சி" என்று நான் பொய் சொன்னேன். உனக்காக அந்தப் பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. நடை வாசலில் உட்கார்ந்துகொண்டு போகிற புடவையையெல்லாம் பார்க்கிறாள். ராத்திரி என் மார்பில் தேடுகிறாள். நான் என்ன செய்வேன்?

இப்போது ஒரே ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன். அந்த மூன்றாம் உறை நெகட்டிவை உடனே அனுப்பு. நீ கண்டுபிடித்திருப்பாய். கடைப் பலகைக்குக் கீழே வலது பக்கம் நிற்பது அவள்தான். எனக்குச் சோறு கொண்டுவந்தவள், நான் செங்கம்மாவைத்தான் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தூக்குச் சட்டியோடு சாவதானமாக நின்றாள். முந்தானை தலையில் இல்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி என்னையே பார்த்தாள். "இன்னா மாமா, சோறு ஆறிப்போவுது, கீரைக்காரிய எடுத்து முடிச்சியா இல்லியா?" என்று கேட்டாள். அந்த வாய் திறந்தபடி இருக்கும்போதுதான் அமுக்கினேன். அவளுடைய படம் உலகத்தில் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை பாடை எடுப்பதற்கு முன்னால் பக்கத்துத் தறிக்காரன் கருப்பன் வந்து, "சாமி, உட்கார வெச்சி ஒரு போட்டோ புட்ச்சிக்கோ, கொழந்தைக்கு வேணும்" என்றான். ஊரில் எத்தனை பிணத்தைப் பூமாலை போட்டு உட்காரவைத்து எடுத்திருக்கிறேன்! அவளை அப்படி எடுக்க எனக்குக் கை வரவில்லை. உயிரோடு பேசுகிற முகமாக ஒன்று என் மச்சானிடம் இருக்கிறது, அது போதும் என்று சொல்லிவிட்டேன். கேமராப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

இருபதாம் தேதி கருமாதி. படம் வைத்து விளக்கு ஏற்றவேண்டும். வருகிறவர்கள் எல்லாம் சுவரைப் பார்க்கிறார்கள். போட்டோக்காரன் வீட்டில் பெண்டாட்டி படம் இல்லையா என்று கேட்கிறார்கள். வரும், மதராஸிலிருந்து வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீயே கையில் கொண்டுவந்தால் நல்லது. தபாலை நம்பாதே.

சிட்டிபாபு


சென்னை
17-2-1957

மாப்பிள்ளை,

நேற்று மாலை டில்லியிலிருந்து வந்தேன். கதவைத் திறந்ததும் உன் கார்டு, தந்தி, கடிதம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் கிடந்தன. மேலே இருந்ததை முதலில் பிரித்தேன். அதனால் அவள் இறந்ததைப் படித்த பிறகுதான் அவளுக்குக் காய்ச்சல் என்று படித்தேன்.

அப்போதே ரயில் ஏறியிருக்க வேண்டும். ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். வெறுங்கையோடு உன் முன்னால் எப்படி வந்து நிற்பேன்? இதை எழுதிவிட்டு, நீ வா என்றால் வருகிறேன்.

அந்த நெகட்டிவ் முழுசாக இல்லை.

மறைக்காமல் சொல்கிறேன். புத்தகத்தோடு நெகட்டிவையும் டில்லியில் காட்டவேண்டும் என்று முடிவானது. அச்சில் ஒன்றும் நெகட்டிவில் ஒன்றுமாக இருந்தால் ஒட்டுவேலை என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதனால் தெலுங்கு தெரிந்த இடங்களை நெகட்டிவிலேயே வெட்டிவிடச் சொன்னார்கள். அச்சுக்குப் பிளாக் செய்கிற இடத்தில், வெட்டுகிற ஆளின் பக்கத்தில் நான்தான் இருந்தேன். மூன்றாம் உறை வந்தபோது அந்த ஆள் உறையைத் திருப்பிப் படித்தான். "இடது: செங்கம்மா, கீரைக்கூடை. வலது: வீட்டில்." இப்படித்தான் நீ எழுதியிருந்தாய். "வலது பக்கம் வீட்டில் என்று போட்டிருக்கிறதே, என்ன சார்?" என்று கேட்டான். வலது பாதிக்கு ஊரில் உன் வீட்டில் இன்னொரு நெகட்டிவ் இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படியானால் வெட்டு என்றேன்.

எனக்கா அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது? அதைச் சொல்லி உன்னைக் கேலி செய்தவன் நான்தானே. அன்றைக்கு அவசரத்தில் அதுவும் தோன்றவில்லை, இது ஒன்றுதான், நிதானமாகப் பார் என்று நீ எழுதியதும் தோன்றவில்லை. நெகட்டிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன். அதில் எல்லாம் தலைகீழ்தானே, கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும். தலை முழுவதும் நரைத்த ஒரு பொம்பளை தெரிந்தாள். தெலுங்கு எழுத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். யாரோ தெலுங்குக் கிழவி என்று நினைத்துவிட்டேன்.

இன்று காலை அங்கே போய்க் குப்பையெல்லாம் கிளறினேன். பெருக்கிக் கொட்டி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதாம்.

ஒரு வழி தோன்றுகிறது. இங்கே உருவப்படம் எழுதுகிற ஒருவர் இருக்கிறார். எனக்கும் அவளுக்கும் ஒரே ஜாடை என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அவர் முன்னால் உட்கார்ந்து அடையாளம் சொல்கிறேன். மூக்கும் கண்ணும் என்னுடையதைப் பார்த்து எழுதட்டும். கருமாதிக்குள் முடித்துக் கொண்டுவருகிறேன். நீ சரி என்று ஒரு வார்த்தை தந்தி கொடு.

என்னைத் திட்டி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. எனக்கு இருப்பது நீயும் குழந்தையும்தான்.

பாவி
வரதன்


நகரி
3-3-1957

திரு. வரதராஜன் அவர்களுக்கு,

நீ தந்தியை எதிர்பார்த்திருப்பாய். கருமாதி முடிந்தது. சுவரில் ஒன்றும் இல்லாமல் வெறும் விளக்கை ஏற்றினோம். உன் ஜாடையில் எழுதிய படம் வேண்டாம். நாளைக்குச் செல்வி உன்னைப் பார்த்து அம்மா என்று சொல்வதற்கா?

உன்னைத் திட்டவேண்டும் என்று உட்கார்ந்தேன். நீ கெட்டவன் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஊருக்காகத்தான் அலைந்தாய். சின்ன வயதில் அவளை நீ தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் உன் கையெழுத்தைப் பார்த்தாலே கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். தெலுங்குக் கிழவியாகவே இருந்தாலும் வெட்டிப் போடலாமா, வரதா? அவளுக்கும் ஒரு வீடு இருந்திருக்காதா? இதை மட்டும் கேட்டுவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

இருபத்து நாலு வயதில் போனாள். ஒரு முடி நரைத்ததில்லை. அவளுக்குத் தலை நரைத்துப் பார்த்தவன் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான்.

உங்கள் சங்கத்துப் புத்தகம் வந்து சேர்ந்தது. எல்லை விஷயமாக இங்கே ஏதேதோ பேசிக்கொள்கிறார்கள். திருத்தணி அந்தப் பக்கம் போய்விடும், நகரி இங்கேயேதான் என்கிறார்கள். எதுவாக இருந்தாலும் எனக்கு இப்போது ஒன்றுதான். துலுக்காணம் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எம் பலகையைப் பாதியா அறுத்துட்டாங்களே" என்று சொல்லிவிட்டு வைதான். தெலுங்கில்தான்.

கடைவீதிப் படத்தை நான் இரண்டு நாள் பார்க்கவில்லை. அப்புறம் பார்த்தேன். கீழே "தூய தமிழ்க் கடைவீதி, நகரி" என்று போட்டிருக்கிறது. செங்கம்மா இருக்கிறாள், கூடை இருக்கிறது. வெட்டினவன் கொஞ்சம் தள்ளி வெட்டிவிட்டான். ஓரத்தில் தூக்குச் சட்டி முழுசாக நிற்கிறது. அதைப் பிடித்திருக்கிற நாலு விரலும் இருக்கின்றன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். செல்வியைத் தூக்கிக் காட்டினேன். அவள் செங்கம்மாவைப் பார்க்கவில்லை. நேராக அந்தச் சட்டிமேல் விரலை வைத்து, "நைனா, சோறு வந்துட்சி" என்றாள். இறங்கி ஓடிப்போய் வாசலில் பார்த்தாள். தினமும் அப்படித்தான் பார்க்கிறாள்.

இனி எழுதாதே. பதில் வராது. நான் எங்கே எழுதினாலும் வீட்டில் என்றால் இனி வீட்டில் என்று மட்டும்தான் அர்த்தம். அதில் யாரும் இல்லை.

குழந்தையின் பேச்சை மாற்றப்போவதில்லை. அவள் என்னை நைனா என்றே கூப்பிடட்டும்.

இப்படிக்கு
சிட்டிபாபு